கொழுந்தியா கேட்ட பழைய கம்ப்யூட்டர்

"...அப்படித் தூக்கிப் போடறதா இருந்தா எனக்குக் குடுத்துருங்க மாமா. எடைக்கு மட்டும் போட்டுப்புடாதீங்க!"

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவள் கோகிலா. என் மனைவி ஜோதியின் தங்கை. திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கை காட்டியது எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை.

காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த ஜோதியின் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாமல் போகாதா பின்னே? கொஞ்ச நாளாக எங்கள் இரண்டு பேரையும் சோறு தின்னவிடாமல் செய்துகொண்டிருந்ததே கோகிலா வீட்டில் வந்து இறங்கிய புதுக் கம்ப்யூட்டர்தானே!

இருங்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயதாகிவிட்டது அதற்கு. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பாலைக் காய்ச்சி, காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். உள்ளே ஓடுகிற ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் பால்காரர் வாசலில் நின்றபடி, "ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே மில்லு போட்டுட்டீங்களா?" என்றார். என் கட்டுரைகளை நான் அதில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தைத் தட்டினால் யோசித்துவிட்டுத்தான் திரையில் போடும். என்னைவிட அதிகமாக யோசிக்கிறதே என்று நானும் ஒரு மரியாதையோடு வைத்திருந்தேன்.

ஆனால் போன மாதம் நடுநடுவே நீலத் திரை காட்டிவிட்டு மயக்கம் போட ஆரம்பித்தது. சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லில் கடை வைத்திருக்கும் பிரகாஷிடம் போனேன். மூடியைக் கழற்றியதும் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். உள்ளே அவ்வளவு தூசி. ஒரு முறத்தில் அள்ளலாம்.

"அண்ணா, ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக்கலாம். ரேம் கொஞ்சம் கூட்டலாம். ஃபேன் மாத்தோணும். அப்புறம் நல்லாவே ஓடுமுங்க. புது விண்டோஸ் இதுல ஏறாது, அதுக்கும் வேற வழி இருக்குது. புதுசு வாங்கினீங்கன்னா அது ஒரு மாதிரி நல்லது. உங்க இஷ்டமுங்க."

இந்த 'உங்க இஷ்டம்' இருக்கிறதே... டாக்டரும் இதைத்தான் சொல்கிறார், துணிக்கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். நம் இஷ்டம் என்னவென்று நமக்கே தெரிந்தால் இவர்களிடம் எதற்குப் போகிறோம்?

வீட்டுக்கு வந்து ஜோதியிடம் சொன்னேன். அவள் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறவள். "ரிப்பேரே பண்ணிக்கலாமுங்க. நல்லா இருக்கற பொருளை எதுக்கு மாத்தறது?" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. இந்த மாதிரி நாள் அபூர்வமாகத்தான் வரும்.

அந்த நேரம் பார்த்து என் சகலை குமரேசன் போன் செய்தார். அதாவது, கோகிலாவின் வீட்டுக்காரர்.

"சகலை! ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. புது கம்ப்யூட்டர் எறக்கியிருக்கறேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களை ஆயுசு முழுக்க ஒரே தராசில் வைத்து எடை போட்டுக்கொண்டே இருப்பார்கள். யார் போடுகிறார்கள் என்கிறீர்கள்? மாமனார் வீடா? சொந்தக்காரர்களா? அவர்களெல்லாம் அப்பப்போதான். நாள் தவறாமல் போடுவது அந்த இரண்டு பேரும்தான்!

குமரேசன் போர்வெல் ரிக் வைத்திருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் வண்டி வடக்கே எங்காவது மண்ணைத் துளைத்துக்கொண்டிருக்கும். மழைக்காலம் வந்தால் வண்டியும் அவரும் ஊர் திரும்புவார்கள். திரும்பும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று புதிதாக முளைக்கும். அவர் கெட்ட மனுஷராக இருந்தால்கூடப் பரவாயில்லை. விருந்துக்குப் போனால் நல்ல கறியாகத் தேடி என் இலையில் வைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமா? படாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம்.

போனோம். பார்த்தோம்.

திரை என்றால் திரை... இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், வில் மாதிரி வளைந்து நிற்கிறது. பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே ஃபேன் சுற்றுவது சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது, கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி. தட்டுகிற கீபோர்டிலும் எழுத்துக்கு எழுத்து வெளிச்சம். முன்னால் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் விமானமே ஓட்டலாம்.

"சத்தமே வராதுங்க சகலை, காதை வெச்சுப் பாருங்க," என்றார் குமரேசன்.

வைத்துப் பார்த்தேன். வரவில்லை. என் வயிற்றுக்குள்ளிருந்துதான் ஏதோ சத்தம் வந்தது.

ஸ்விட்சைப் போட்டார். போட்ட கை கீழே இறங்குவதற்குள் திரை வந்துவிட்டது! "ஏனுங்க, அதுக்குள்ளயா?" என்று ஜோதி கேட்டே விட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோகிலா பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதை அப்போது நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் ஜோதி. ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ் இல்லை, நேராக நாமக்கல் போகிறது. ஆனாலும் எங்கள் பேச்சு நேராகப் போகவில்லை.

"எனக்கென்னங்க பொறாமை? அவ என்ர தங்கச்சி. நல்லா இருக்கட்டும்."

"ஆமா."

"அந்த சேருகூடச் சுத்துதுங்க."

"பார்த்தேன்."

"என்னத்துக்கு ஒரு சேரு சுத்தோணும்? உக்காரத்தானே சேரு?"

"அதானே."

கோழிப்பண்ணை ஒன்று வந்தது, போனது.

"ஏனுங்க... ரிப்பேர் பண்ணினா எவ்வளவு நாளைக்குத்தான் ஓடும்? அடுத்த வருஷம் மறுபடியும் படுத்துக்கும். அதுக்குப் புதுசே வாங்கிரலாமுங்க. வாங்கறதுதான் வாங்கறோம், அந்த ஊட்டுல இருக்கறதுக்கு ஒரு படி மேல வாங்கிரலாம்."

நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? "அதைத்தான் நானும் நினைச்சுட்டு இருந்தேன்" என்றேன். பொய் இல்லை. சத்தியமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சாமானை ரிப்பேர் பண்ணலாமா, மாற்றலாமா என்று அந்தச் சாமானைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் யாராவது உண்டா? எங்கள் கம்ப்யூட்டர் காலையில் இருந்த அதே கம்ப்யூட்டர்தான். அதே தூசி, அதே ஃபேன். நடுவில் நாங்கள் திருச்செங்கோடு போய் வந்தோம், அவ்வளவுதான். அதற்குள் அதன் ஆயுள் முடிந்துபோய்விட்டது! ஃபிரிட்ஜ், சோபா, பைக் எல்லாமே இப்படித்தான். நம் வீட்டில் இருக்கிற வரைக்கும் நன்றாக இருக்கிறது. அடுத்த வீட்டைப் பார்த்ததும் கெட்டுப்போகிறது.

அப்புறம் என்ன? பிரகாஷிடம் போய், உள்ளே இருந்த போட்டோக்கள், என் கட்டுரைகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் ஏற்றி வாங்கிக்கொண்டேன். வளைந்த திரையும் உண்டா என்று விசாரித்தேன். "கட்டுரை தட்டறதுக்கு எதுக்குங்க அண்ணா வளைஞ்ச திரை?" என்றார். அவருக்குச் சகலை இல்லை போலிருக்கிறது.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை கோகிலா வந்தாள். கார் டிரைவரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக வந்தாள். "கம்ப்யூட்டர் மாத்தறோம் சாமி" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். ஒரு படி மேல் என்று சொல்வதற்குத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அவள், எடைக்குப் போடாதீங்க, எனக்குக் குடுத்துருங்க என்கிறாள்!

ஜோதி காபி டம்ளரை மேஜை மேல் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ மாறப்போகிறது என்று.

"யாரு மாத்தறாங்க? நாங்க ரிப்பேர் பண்ணிக்கிறோம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மாமா மாத்தறோம்னாரே அக்கா?"

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. நல்லா இருக்கற பொருளை எதுக்கு மாத்தறது?"

பாருங்கள்! நேற்றுவரை எடைக்குப் போகவேண்டிய பெட்டி. இன்னொருத்தி கேட்டதும் நல்ல பொருளாகிவிட்டது. நானும் யோக்கியன் இல்லை. சகலை வீட்டுக்கே வேண்டுமென்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று என் மனசும் உடனே அந்தப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"உங்க ஊட்டுலதான் கலர் கலரா லைட்டு எரியுதே," என்றாள் ஜோதி. "இது எதுக்கு உனக்கு? மாவு மில்லு வெக்கறதுக்கா?"

"எகத்தாளம் பேசாதக்கா. நீ இதுல படிச்சுத்தான பாஸ் பண்ணின?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜோதி கல்யாணமாகி வெகு நாள் கழித்துத்தான் அரசுத் தேர்வு எழுதினாள். கோச்சிங் எதற்கும் போகவில்லை. இதே கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்து, பழைய கேள்வித்தாள்களை இறக்கிப் படித்து, வேலைக்குப் போனாள். கோகிலாவும் எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை தவறிவிட்டது. திரும்பவும் எழுதப்போகிறாள்.

"இது ராசியான கம்ப்யூட்டர்க்கா. இதைக் கேக்கோணும்னுதான் வந்தேன்," என்றாள் கோகிலா.

"ராசியாவது பூசியாவது. நான் ஒக்காந்து படிச்சேன். கம்ப்யூட்டரா போயிப் பரீட்சை எழுதுச்சு?"

நான் குறுக்கே புகுந்தேன். "சரி, ராசி இல்லீன்னு நீயே சொல்ற. அப்புறம் குடுத்தா என்ன?"

"நீங்க செத்த சும்மா இருங்க."

இருந்தேன்.

"உனக்கு என்ன இல்லீன்னு நீ பரீட்சை எழுதற?" என்றாள் ஜோதி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காரு இருக்குது. டிரைவரு இருக்குது. சுத்தற சேரு இருக்குது."

கோகிலா சேலை முந்தானையைச் சுருட்டி விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"எல்லாம் இருக்குதுக்கா. எதுவும் என்ரது இல்ல. ஒரு பிளவுஸ் தைக்கோணும்னாக்கூட அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் தைக்கறேன். அவரு வேண்டாம்னு சொன்னதே இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் சொல்லோணுமல்ல? உனக்கு மாசம் பொறந்தா உன்ர பேர்ல சம்பளம் வருது. யாரையும் கேக்காம நம்ம அம்மாளுக்கு நீ மருந்து வாங்கிக் குடுக்கற. அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுக்கா. மறைச்சு என்ன பண்றது? எரியுது."

ஜோதி காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் புது கம்ப்யூட்டர் என்னுதுன்னா நினைச்ச? பையன் கேம் விளையாட அவரு வாங்கிக் குடுத்தது. நான் ஒரு நாள் பாடம் பார்க்கலாம்னு பக்கத்துல போனேன். 'அம்மா, கை வெக்காத, ஏதாச்சும் ஆயிரும்'ங்கறான். அந்த சேர்ல ஒரே ஒரு தடவை உக்காந்தேன். தலைதான் சுத்துச்சு. செல்போன்ல படிச்சுப் படிச்சுக் கண்ணு எரிஞ்சு போச்சுக்கா. எனக்குன்னு ஒண்ணு இருந்தா ஒரு மூலைல போட்டுட்டு ஒக்காந்து படிப்பேன். மெதுவா ஓடினா என்ன? நானும் மெதுவாத்தான் படிக்கறேன்."

திருச்செங்கோட்டில் அன்றைக்குக் கோகிலா அடுப்படிக்குப் போனாளே... அது திமிர் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதைப் பார்த்து நாங்கள் வெந்துகொண்டு வந்தோமோ, அதைத் தொடக்கூட அவளுக்கு வழி இல்லை.

ஜோதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏஞ் சாமி, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? உன்னைப் பார்த்துப் பொறாமையா இருக்குதுன்னா?"

"நான் உன்ர சேரைப் பார்த்துட்டு வந்ததுல இருந்து ஒழுங்கா சோறு திங்கல, தெரியுமா?"

"அந்த சேரா?"

"அந்த சேரேதான். ஆபீஸ்ல என்ர சேருக்கு ஒரு கால் ஆடுது. அதுல ஒக்காரும்போதெல்லாம் உன்ர நெனப்புத்தான்."

கோகிலா சிரித்துவிட்டாள். ஜோதியும் சிரித்தாள். சிரிக்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே முகம். பத்து நாள் எரிந்த வயிறு இப்படி ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும் என்றால், ஊரில் பாதிப் பேர் பொறாமையை வாய்விட்டுச் சொல்லியே பிழைத்துக்கொள்ளலாம். சொல்ல மாட்டேன் என்கிறோமே! கோபத்தைச் சொல்கிறோம், துக்கத்தைச் சொல்கிறோம். பொறாமையை மட்டும், 'எனக்கென்ன, நல்லா இருக்கட்டும்' என்று மூடி வைக்கிறோம். (நான் இன்னும் குமரேசனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துக்கொண்டே இன்னொரு கறித்துண்டை எடுத்து இலையில் வைத்துவிடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.)

ஆக, ரிப்பேரா புதுசா என்கிற கேள்விக்கு ஒரு வழி பிறந்தது. பழசைப் பிரகாஷிடம் ரிப்பேர் செய்து கோகிலா வைத்துக்கொள்வது. நாங்கள் புதுசு வாங்கிக்கொள்வது. "வளைஞ்ச திரை வேண்டாமுங்க, சாதாரணமே போதும்," என்றாள் ஜோதி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. ஜோதி ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தாள். திரையைத் துடைத்தாள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளேயிருந்து கடலைத் தோலும் மிக்சரும் விழுந்தன. என் இலக்கியப் பணியின் மிச்சம். கடைசியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். ராசியாவது பூசியாவது என்று சற்று முன்னால் சொன்னவள்தான்.

கோகிலாவின் டிரைவர் உள்ளே வந்து பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி," என்றாள் ஜோதி.

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள். சுவரிலிருந்த முனையையும் பிடுங்கினாள். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, நுனியைச் செருகி முடிச்சுப் போட்டு, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அதையும் குடு. அது எதுக்கு நமக்கு?" என்றேன்.

"இது இங்கயே இருக்கட்டும்."

"ஒயர் இல்லாம அது எப்படி ஓடும்?"

"கடைல கெடைக்குமுங்க."

ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. ஒயரைச் சுருட்டிய விதத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் மாடு விற்கிறவர்கள் மாட்டைத்தான் கொடுப்பார்கள். கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்; புதுக் கயிறு வாங்குகிறவர்கள் கொண்டுவர வேண்டியது. கயிற்றோடு கொடுத்தால் மாடு கட்டும் கட்டுத்தரையின் ராசியும் மாட்டின் பின்னாலேயே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. என் மாமனார் வீட்டில் மாடு விற்கிற அன்றைக்கு, அவிழ்த்த கயிற்றை வாங்கிக்கொண்டுபோய் உள்ளே ஆணியில் மாட்டுவது பெண்பிள்ளைகள் இரண்டு பேரின் வேலை.

"இது மாடு இல்ல ஜோதி."

"தெரியுமுங்க."

"நீ ஆபீஸ்ல வேலை பார்க்கறவ."

"ஆபீஸ்ல பார்க்கறது வேற. இது வேற."

தங்கைக்கு எல்லாம் கொடுப்பாள். ராசியை மட்டும் கொடுக்க மாட்டாள். அணைந்துவிட்டது என்று நான் நினைத்த நெருப்பில் ஒரு சின்னக் கங்கு பாக்கி இருந்திருக்கிறது. பொறாமையை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அதைக் கொஞ்சம் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். குறையும். தீராது.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மூன்றாவது தடவை பரீட்சைக்கு உட்காரப் போகிறவள். இவ்வளவு மனம்விட்டுப் பேசியிருக்கிறாள். அக்கா இப்படிச் செய்வதைப் பார்த்து முகம் வாடிப்போவாள், பெட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று காரில் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன்.

கோகிலாவுக்கு முகம் வாடவில்லை. அக்கா கையில் சுருண்டிருந்த ஒயரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஹேண்ட்பேக்கின் ஜிப்பை இழுத்து, நுனியில் மஞ்சள் தடவிய ஒரு புது ஒயரை வெளியே எடுத்தாள்.